பழைய வாள்வீரனின் விலை

பழம்பொருள் என்றதும் நம்மவர் நினைவுக்கு வருவன செப்புக் காசும், ஏட்டுச் சுவடியும், ஒல்லாந்தர் காலத்துப் பீங்கானும், பாட்டனார் வைத்துச் சென்ற முதிரை மரப் பெட்டகமுமே ஆகும். ரீவி கேம் ஆடும் பிளாஸ்ரிக் கசெற் ஒன்றை அந்த வரிசையில் வைத்து எண்ணுவார் நம்மூரில் எவருமிலர். நாமும் எண்ணியதில்லை. அப்படி எண்ண நேர்ந்த வரலாற்றையே இவ்வாரம் வாசகர்களுக்குக் கூற விழைகின்றோம்.

சில மாதங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை மாலை, ஆரையம்பதியிலுள்ள எமது வீட்டு விறாந்தையில் விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தோம். மாணவன் ஒருவன் வந்தான். இரண்டாண்டு எம்மிடம் பொருளியல் கற்று, உயர்தரப் பரீட்சையிற் சித்தியெய்தி, வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானவன். கையில் பழைய சேலைத் துண்டிற் சுற்றிய பொதியொன்று இருந்தது.

“சேர், இது பழைய சாமுராய் கேம். மாமாட. இதுக்கு என்ன விலை வரும்?” என்று கேட்டான்.

கேள்வியின் காரணம் விரைவில் விளங்கிற்று. பல்கலைக்கழகம் செல்ல மடிகணினி வேண்டும். தந்தையார் வாவியில் மீன்பிடிப்பவர். எங்கோ ஒரு நாட்டில் பழைய ரீவி கேம் ஒன்று கோடிக்கணக்கில் விலைபோன செய்தியைப் பையன் கைத்தொலைபேசியிற் படித்திருக்கிறான். வீட்டு அலுமாரியிலும் அத்தகைய பொருள் ஒன்று கிடப்பது நினைவுக்கு வந்திருக்கிறது. அலுமாரிக்கு உரியவர் அம்மம்மா. அவர் உறங்கும் வேளையில் எடுத்து வந்ததாகப் பின்னர் ஒப்புக்கொண்டான்.

அவன் படித்த செய்தி பொய்யன்று. 2021ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், அமெரிக்காவின் டலஸ் நகரத்து ஏல நிறுவனம் ஒன்று ‘சுப்பர் மரியோ 64’ என்னும் ஆட்டத்தின், உறை பிரியாத ஒரு பெட்டியை 15 இலட்சத்து 60 ஆயிரம் டொலருக்கு விற்றது. வியப்பு யாதெனில், 1996இல் வெளியான அந்த ஆட்டம் உலகெங்கும் ஒரு கோடிக்கு மேல் விற்பனையான ஒன்று. ஆட்டம் அரியதன்று, ஒருவரும் ஆடாமல், மேலுறையைக்கூடக் கிழிக்காமல் வைத்திருந்த பெட்டிதான் அரியது. விளையாடுதற்கென்று செய்த பொருளை விளையாடாமல் வைத்தமைக்கே அந்த விலை! அடுத்த ஆண்டே, இத்தகைய பெட்டிகளுக்குத் தரப்புள்ளி இட்டு முத்திரை குத்தும் நிறுவனம் ஒன்று சந்தையைச் செயற்கையாக உயர்த்தியதாகக் குற்றஞ்சாட்டி அமெரிக்காவில் வழக்குத் தொடுக்கப்பட்டது. ஆகவே, பத்திரிகையில் வரும் பெருந்தொகைகளைப் பார்த்து நம் வீட்டுப் பரணைக் கிளறுவோர் சற்றே நிதானிப்பது நலம்.

பொதியை அவிழ்த்தோம். மஞ்சள் நிறப் பிளாஸ்ரிக் கசெற் ஒன்றும், அட்டை கிழிந்த சீ.ஆர். கொப்பி ஒன்றும் இருந்தன. கசெற்றின் முகத்தில் ஒட்டிய கடதாசி பாதி உரிந்திருந்தது. எஞ்சிய பாதியில் மரக்கிளைக்கு மேலே பாயும் இளைஞன் ஒருவன், கையில் வாள். கொப்பியை ஒருபுறம் வைத்துவிட்டுக் கசெற்றை மட்டும் வெளிச்சத்திற் பிடித்துப் பார்த்தோம். பொருளியல் ஆசிரியரின் புத்தி அவ்வளவே!

அந்தப் படத்தைக் கண்டதும் எமது நெஞ்சு ஒருகணம் துணுக்குற்றது. ஏனெனில், அந்த இளைஞனை நாம் அறிவோம். 1990ஆம் ஆண்டின் முதல் மாதங்களில், பத்து வயதுச் சிறுவனாக, மூன்று ஒழுங்கை தள்ளியிருந்த ஒரு வீட்டின் யன்னற் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவனுடைய பாய்ச்சலைப் பார்த்து நின்றவர்களுள் நாமும் ஒருவர். அந்த வீட்டின் பேரன்தான் இன்று எம்முன் நின்ற மாணவன் என்பது தெரியும். அந்தக் கசெற் இன்னும் உலகில் இருக்கிறது என்பதுதான் தெரியாது.

ஊரார் அனைவரும் அதனைச் ‘சாமுராய் கேம்’ என்றே அழைத்தனர். உண்மையில் அதன் நாயகன் சாமுராய் அல்லன். சாமுராய் என்போர் ஜப்பானின் போர்வீரக் குலத்தினர். இடையில் வாள் தரிப்பது அவர்களின் உரிமையும் அடையாளமுமாய் இருந்தது. 1876ஆம் ஆண்டில் மெய்ஜி அரசு பொதுவிடங்களில் வாள் தரிப்பதைத் தடைசெய்தபோது அந்தக் காலம் முடிவுற்றது. எமது கசெற்றின் நாயகனோ நிஞ்சா. அதாவது இருளில் இயங்கும் ஒற்றன். அவன் பெயர் காகே. நிழல் என்பது அதன் பொருள். டைட்டோ என்னும் ஜப்பானிய நிறுவனம் 1985இல் காசு போட்டு ஆடும் பொறியாக வெளியிட்டு, 1986இல் வீட்டு ரீவி கேமுக்கு மாற்றிய ‘காகேயின் கதை’ என்ற ஆட்டமே அது. கடத்தப்பட்ட இளவரசி கிரியை மீட்பதற்குக் காகே புறப்படுகிறான். முதலிற் காடு, பின்னர் கோட்டை அகழி, அதன்பின் மதில், இறுதியாகக் கோட்டையின் உள். ஒரு கையில் குறுவாள். மறு கையில் எறிந்தால் விண்மீன்போற் சுழன்று செல்லும் ஆயுதம். ஒரே பாய்ச்சலில் மரத்தின் உச்சியைக் கடப்பான். மீட்ட இளவரசியை மறுபடி கடத்திச் செல்வர். காட்டின் நிறம் மாறும், பருவம் மாறும், ஆட்டம் மட்டும் முடியாது. 2008இல் இதன் இரண்டாம் பாகம் வெளிவந்தது என்றால், இதன் நினைவு ஜப்பானிலும் அணைந்துவிடவில்லை என்பது தெளிவு.

மெய்யான சாமுராய் ஆட்டத்தைச் சேகரிப்போர் தேடுவது வேறொன்றை. ‘சாமுராய் ஸ்பிரிட்ஸ்’ என்று ஜப்பானிலும், ‘சாமுராய் ஷோடவுண்’ என்று பிற நாடுகளிலும் வழங்கும் அந்த ஆட்டத்தை எஸ்.என்.கே. நிறுவனம் 1993இல் வெளியிட்டது. புகழ்பெற்ற வாள்வீரர் மியமோத்தோ முசாஷியை நினைந்து படைத்த ஹாவோமாரு அதன் முதன்மை வீரன். 1637ஆம் ஆண்டில் மூண்ட ஷிமபாரா கிளர்ச்சியின் இளந்தலைவனாகிய அமக்குசா ஷிரோவின் ஆவியே அதிற் பகைவன். கையாற் குத்தி ஆடும் ஆட்டங்கள் மலிந்திருந்த காலத்தில், ஓங்கிய ஒரே வாள்வீச்சு ஆட்டத்தின் போக்கை மாற்றிவிடும் என்ற அச்சத்தை அது ஊட்டிற்று. காத்து நின்று, வேளையறிந்து வீசுபவனே வெல்வான்.

இந்த ஒரே ஆட்டம் எத்தனை உடல்களில் வெளிவந்தது என்று பார்த்தால், விலையின் மர்மம் பாதி விளங்கும். காசுப்பொறிக்கென ஒரு கசெற்; நியோ ஜியோ என்னும் வீட்டுப் பொறிக்கெனப் பருத்த வேறொரு கசெற்; பின்னர் இறுவட்டு; நிண்டெண்டோவுக்கும் சேகாவுக்கும் சுருக்கிய பதிப்புகள்; கைக்குள் அடங்கும் கேம் போய்க்கும் ஒன்று. நியோ ஜியோ வீட்டுப் பொறி 1991இல் ஜப்பானிற் கடைக்கு வந்தபோது விலை 58,000 யென். நிண்டெண்டோவின் ஃபமிகொம் 1983இல் 14,800 யென்னுக்கு வந்தது. ஆகவே, நியோ ஜியோவின் வீட்டுக் கசெற்றை வாங்கியோர் சிலர். எனவே இன்று அதற்கு விலை உயர்வு. காசுப்பொறிக் கசெற்றினுள்ளும் அதே ஆட்டமே இருப்பினும் விலை குறைவு. இந்த வேறுபாட்டைக் கண்டுகொண்ட கள்ளர், காசுப்பொறிக் கசெற்றின் உட்பலகையைப் பிடுங்கி வீட்டுக் கசெற்றின் கூட்டுக்குள் வைத்து விற்பதும் உண்டு. ஆதலாற்றான் தேர்ந்த சேகரிப்பாளன் பெட்டியின் அழகில் மயங்காது, உட்பலகையின் படத்தை முதலிற் கேட்கிறான்.

இதே வரிசையின் இறுதி ஆட்டத்துக்கு நேர்ந்தது இன்னும் வினோதம். 2004ஆம் ஆண்டு ஜூலையில் ‘சாமுராய் ஸ்பிரிட்ஸ் சீரோ ஸ்பெஷல்’ வெளிவந்தது. நியோ ஜியோவுக்கென வெளியான கடைசி ஆட்டம் அதுவே. அதற்கு முந்திய மாதம் ஜப்பானின் சசெபோ நகரத்துப் பாடசாலை ஒன்றிற் சிறுமி ஒருத்தி சக மாணவியைக் கொலைசெய்த துயரம் நிகழ்ந்திருந்தது. அந்த அதிர்ச்சியில் ஆட்டத்திலிருந்த கொடூரக் காட்சிகளை நிறுவனம் வெட்டியது. பணம் கொடுத்தவர்கள் முறையிட்டனர். கசெற்றுகளைத் திருப்பிப் பெற்றுத் திருத்திக் கொடுக்கலாயிற்று. இன்று வெட்டியது, திருத்தியது என்று பிரித்து அதனை மதிப்பிடுகின்றனர். ஒரு நாட்டின் துக்கம் ஒரு கசெற்றின் வரலாற்றில் இவ்வாறு பதிந்து கிடக்கின்றது.

இவற்றையெல்லாம் மாணவனுக்கு விளக்கியபோது அவன் முகம் மெல்ல வாடலாயிற்று. எனினும், தீர்ப்புக்கு முன் சோதனை வேண்டுமன்றோ? சிறிய திருகாணிச் சாவியால் மஞ்சட் கூட்டைத் திறந்தோம்.

உள்ளே விரல் நீளப் பச்சைப் பலகை. அதன் நடுவில் கறுப்புப் பிசின் சொட்டு ஒன்று உறைந்து கிடந்தது. மெய்யான கசெற்றிற் பெரும்பாலும் சதுரச் சில்லுகள் இருக்கும். அவற்றின் முதுகில் எண்ணும் எழுத்தும் இருக்கும். பலகையின் ஓரத்தில் நிறுவனத்தின் பெயரும் இருக்கும். கள்ளப் பிரதி செய்வோர் செலவைக் குறைப்பதற்காகச் சில்லின் கூட்டையும் விட்டுவிட்டு, அதன் உயிரை மட்டும் பலகையில் ஒட்டிப் பிசினால் மூடுவர். மெய்யான ஜப்பானியக் கசெற் சிலவற்றிலும் பிசின் உண்டு. எனவே அது ஒன்றைக்கொண்டு தீர்ப்பளித்தல் ஆகாது. ஆனால், இங்கோ பலகையிற் பெயரில்லை, கூட்டிற் பெயரில்லை, முகக் கடதாசியிலும் டைட்டோ என்ற பெயரில்லை. மூன்று சாட்சிகளும் ஒன்றையே கூறின. இது பிரதி. பெட்டியில்லை, கையேடில்லை. வாவிக் காற்றும் கடற்காற்றும் சேர்ந்து செம்பு முனைகளைப் பச்சையாக்கியிருந்தன.

“அப்ப எவ்வளவு சேர்?”

“விற்றால் ஒரு தேநீர்க் காசும் தேறாது தம்பி” என்றோம். இதனினும் மென்மையாகச் சொல்லியிருக்கலாம் என்பது பின்னரே தோன்றிற்று.

பிரதி என்பதற்காக நம்மவரைக் குறைகூற எமக்கு மனமில்லை. மெய்யான ஃபமிகொம் நம்மூருக்கு வந்திருந்தாலும் பயன்பட்டிராது. அது ஜப்பானின் 100 வோல்ற் மின்சாரத்துக்குச் செய்யப்பட்டது. நம் சுவரில் வருவது 230. அது அனுப்பும் படம் என்.ரி.எஸ்.சி. முறையிலானது, நம் தொலைக்காட்சிப் பெட்டிகளோ பால் முறையின. பால் முறைக்கேற்ற சில்லுகளைத் தாய்வானியர் செய்து, ‘மைக்ரோ ஜீனியஸ்’ முதலிய பெயர்களில் ஒத்த பொறிகளை உலகெங்கும் அனுப்பினர். அவற்றின் வாயில் ஜப்பானியக் கசெற்போல் 60 முனைகள். மேல்நாட்டு நிண்டெண்டோவின் வாயிலோ 72. ஆகவே, நம்மூர்க் கசெற் அமெரிக்கப் பொறியில் நேரே நுழையாது. 1992இல் ரஷ்யாவில் ‘டெண்டி’ என்ற பெயரில் விற்பனைக்கு வந்ததும் இத்தகைய பொறியே. அந்நாட்டு மக்கள் இன்று தம் இளமையை நினைக்குங்கால் டெண்டியையே நினைக்கின்றனர், நிண்டெண்டோவை அன்று. அண்டை நாடாகிய இந்தியாவில் மட்டும் 1980களின் பிற்பகுதியில் உரிமம் பெற்ற நிண்டெண்டோ ஒன்று விற்பனைக்கு வந்தது. அதன் பெயர் என்ன தெரியுமா? ‘சாமுராய்’! அந்தப் பெயர் பொறித்த பெட்டியுடன் யாரேனும் வைத்திருந்தால், அதுவே இந்தப் பக்கத்தில் மெய்யான சாமுராய்ச் செல்வம்.

மட்டக்களப்புக்கு வளைகுடா நாடுகளிலிருந்து திரும்பியோரின் பயணப் பெட்டிகளில் வந்தவை பிரதிகளே. மாணவனின் மாமாவுக்கு அதனைக் கொணர்ந்து கொடுத்தவர் 1989இற் சவூதியிலிருந்து வந்த அவருடைய மூத்த மைத்துனர்.

மாணவன் எழுந்து பொதியைக் கட்டத் தொடங்கியபோதுதான் எமது கை சீ.ஆர். கொப்பியின்மீது பட்டது. திறந்தோம்.

முதற் பக்கத்தில் நீலமையில் நேர்த்தியான கோடுகள். திகதி, ஆள், சதம், எண்ணிக்கை, ‘எங்கே செத்தது’ என்று ஐந்து நிரல்கள். ஓர் ஆட்டத்துக்கு 50 சதம். மின்கட்டணத்துக்காக மாமா அறவிட்டது. ஆட்கள் ஒற்றையெழுத்தாற் குறிக்கப்பட்டிருந்தனர். ‘மரம்’, ‘அகழி’, ‘மதில்’, ‘கோட்டை’ என்று ஒவ்வொரு மரணத்துக்கும் இடம் எழுதப்பட்டிருந்தது. காகேயின் கசெற்றில் நினைவு கிடையாது. பொறியை அணைத்தவுடன் எண்ணிக்கை அழிந்துபோகும். அழியாமலிருக்க மாமா எழுதினார். அவருடைய உச்சம் 182,600. எமக்குரிய எழுத்தைத் தேடினோம். நான்கு இடங்களில் இருந்தது. நான்கிலும் ‘மரம்’. மிக உயர்ந்தது 3,400. அதற்கும் 50 சதம் கொடுத்திருக்கின்றோம். எமது அம்மாவின் சுருக்குப்பையே அதனை அறியும்.

கடைசிப் பதிவு 10-06-1990, ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் கிழக்கில் மீண்டும் போர் மூண்டது. அதன்பின் பக்கங்கள் வெறுமை.

அந்த ஆண்டு ஆவணியில் வெளியே சென்ற மாமா வீடு திரும்பவில்லை. வயது இருபத்தொன்று. அவரை இறந்தவர் என்று எழுதிக்கொடுக்க அம்மம்மா இன்றுவரை இணங்கவில்லை. எழுவான்கரையில் இருக்கவியலாது சனங்கள் மண்முனைத் துறையால் ஓடமேறிப் படுவான்கரைக்குப் போனபோது, அவர் காணி உறுதியையும் காப்பு ஒரு சோடியையும் இந்தப் பொதியையுமே கைப்பையிற் கொண்டுபோனாராம். பொறியும் தொலைக்காட்சியும் திரும்பி வந்தபோது இல்லை. ஆண்டுதோறும் சரஸ்வதி பூசையன்று புத்தகங்களோடு இந்தப் பொதியும் கும்பத்தின் அருகே வைக்கப்படும் என்று மாணவன் சொன்னான். (ஜப்பான் என்ற பெயர் நமது பகுதிக்குப் புதிதன்று. 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆந் திகதி ஜப்பானிய விமானங்கள் மட்டக்களப்புக்கு அப்பாலுள்ள கடலில் ‘ஹெர்மீஸ்’ என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலை மூழ்கடித்தன. ஓடம் ஓடிய அதே மண்முனைத் துறையில் 2014இல் திறக்கப்பட்ட பாலமோ ஜப்பானின் நன்கொடையால் எழுந்தது. இடையில் மஞ்சட் கசெற் ஒன்றிலும் ஜப்பான் இங்கு வந்து போயிருக்கிறது.)

கொப்பியைக் கண்டபின் எமது மதிப்பீடு முற்றிலும் மாறிற்று என்று சொல்லவேண்டும். பழம்பொருட் சந்தையில், ஒரு பொருள் யாரிடமிருந்து யாருக்குப் போயிற்று என்பதை நிறுவும் காகிதத்துக்குத் தனி மதிப்பு உண்டு. உலகில் இந்தப் பிரதிக் கசெற்றுகள் ஆயிரமாயிரம் கிடக்கலாம். 1990ஆம் ஆண்டில் ஆரையம்பதியில் அதனை ஆடியவர் யார், எத்தனை சதம் கொடுத்தனர், எந்த மரத்தில் செத்தனர் என்று கூறும் கொப்பி ஒன்றே ஒன்றுதான். 2023இல் அமெரிக்காவின் வீடியோ கேம் வரலாற்று நிலையம் நடத்திய ஆய்வொன்று, அந்நாட்டில் வெளியான பழைய ஆட்டங்களுள் நூற்றுக்கு 87 பங்கு இன்று கடையில் வாங்கக் கிடைப்பதில்லை என்று கண்டது. மெய்யான ஆட்டங்களின் கதியே இதுவெனில், பெயரற்ற பிரதிகளை யார் கணக்கெடுப்பர்? எந்த விலைப்பட்டியலிலும் அவை இல்லை. நம் பிள்ளைகள் ஆடியவையோ அவை மட்டுமே.

மாணவனின் அனுமதியுடன், கொப்பியின் இரு பக்கங்களைப் படமெடுத்து, அதில் வரும் எழுத்தொன்றுக்கு உரியவரென நாம் ஊகித்த ஒருவருக்கு அனுப்பினோம். பால்ய நண்பர்; கனடாவில் முப்பதாண்டாக வாழ்பவர். அன்றிரவே அழைத்தார். நெடுநேரம் பேசவில்லை, பேச முடியவில்லை. மறுநாள் மீண்டும் அழைத்து, கசெற்றையும் கொப்பியையும் தாமே வாங்கிக்கொள்வதாகவும், நல்ல மடிகணினி ஒன்றின் விலையைத் தருவதாகவும் கூறினார். கவனியுங்கள்: தேநீர்க் காசு பெறாத பொருளுக்கு, அதே வாரத்தில், அந்த விலை. அந்தக் கொப்பியிற் பெயருள்ள பத்துப் பன்னிரண்டு பேருக்கு வெளியே அதற்குச் சந்தையே இல்லை. அவர்களுள்ளும் உயிரோடிருப்போர் சிலரே. கேள்வியும் நிரம்பலும் என்ற பாடத்தைப் பல ஆண்டுகளாகக் கரும்பலகையில் வரைந்து வருகின்றோம். அன்றுபோல் என்றும் அது எமக்கு விளங்கியதில்லை.

இச்செய்தியை மறைவாகச் செய்தல் தகாது என்று எண்ணி, மாணவனுடன் அவன் வீட்டுக்குச் சென்றோம். அம்மம்மா பனையோலைப் பாயில் அமர்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். பேரன் பொதியை எடுத்ததை அவர் முன்னரே அறிந்திருந்தார். கோபிக்கவில்லை. கனடாவிலிருந்து கேட்பவர் யார் என்று விசாரித்தார். அந்தச் சிறுவனை நினைவிருக்கிறது என்றார்; மூக்கொழுகும் பிள்ளை என்றும் சேர்த்துக்கொண்டார். தொகையைச் சொன்னோம். இடிப்பதை நிறுத்தினார்.

“அவன் வந்து கேட்டா, நான் எதைக் குடுப்பன் மனே?”

யாரைக் குறித்தார் என்று நாம் கேட்கவில்லை. கனடா நண்பருக்கு எல்லாப் பக்கங்களையும் தெளிவாகப் படமெடுத்து அனுப்பினோம். அடுத்த வாரம் அம்மம்மா காப்புச் சோடியில் ஒன்றை அடகுவைத்தார். பாதிக்கு மேல் அதிலிருந்தும், எஞ்சியது தவணையிலுமாக மடிகணினி வந்தது. நண்பர் கொஞ்சம் பணம் அனுப்ப விரும்பினார்; அது வட்டிக்குக் கட்டப்பட்டு வருகிறது.

இத்தகைய பொருள் வீட்டில் உள்ளோருக்கு ஓரிரு வார்த்தை. கசெற் இயங்காவிடின் வாயால் ஊதாதீர்கள். நாமனைவரும் அக்காலத்தில் ஊதியவர்களே; ஆயினும் மூச்சின் ஈரம் செம்பை அரிக்கும் என்று நிண்டெண்டோ நிறுவனமே எச்சரித்துள்ளது. மருந்துக் கடையில் வாங்கும் ஐசோபுரொப்பைல் அற்ககோலிற் பஞ்சைத் தோய்த்து முனைகளை மெல்லத் துடைத்தால் போதும். உப்புக் காற்று வீசும் கரையில் வாழ்வோர் காற்றுப்புகாப் பெட்டியில், ஈரமுறிஞ்சும் சிறு பொட்டலம் ஒன்றுடன் வைப்பது நன்று. பெட்டி, கையேடு, பற்றுச்சீட்டு, ஏன், பக்கத்து வீட்டுப் பிள்ளை கிறுக்கிய கடதாசி இருந்தாலும் எறியாதீர்கள். பொருளைப் பற்றி வீட்டு முதியவர் சொல்வதைத் திகதியிட்டு எழுதி அதனுடனேயே வையுங்கள். கூட்டைத் திறப்பதாயின் உட்பலகையைப் படமெடுத்துவிட்டு மூடுங்கள்.

கசெற்றின் முனைகளை நாமும் மாணவனும் அவ்வாறே துடைத்தோம். 60 முனைகொண்ட மலிவான புதிய பொறியொன்றைக் காத்தான்குடிக் கடையில் வாங்கினோம். முதல் இரண்டு முறை திரையில் வெறும் சாம்பல். மூன்றாம் முறை காடு தோன்றிற்று. அந்தப் பழைய இசை எழுந்தது. அடுக்களையிலிருந்த அம்மம்மா வந்து கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

எமது வாள்வீரன் வழக்கம்போல் மரத்திலேயே மாண்டான். மாணவன் அகழிவரை சென்றான். 41,200. அதனைக் கொப்பியில் எழுத அவன் பேனையை எடுத்தபோது நாம் தடுத்தோம். பழைய ஆவணத்தில் புதிய மையாற் கீறுதல் அதன் மதிப்பைக் கெடுக்கும், தனித்தாளில் எழுது என்றோம். அம்மம்மா கொப்பியை வாங்கி வெறும் பக்கங்களைப் புரட்டினார்.

“தாள் கிடக்குத்தானே மனே” என்றார்.

10-06-1990க்கு அடுத்த வரியில் மாணவன் அன்றைய திகதியை இட்டான். தன் எழுத்தை இட்டான். சதம் என்ற நிரலிற் கோடொன்று கீறி, எண்ணிக்கையையும், ‘அகழி’ என்பதையும் எழுதினான். அதன்பின் வந்த வாரங்களில் இன்னும் ஒன்பது வரிகள் சேர்ந்துள்ளன. மாமாவின் 182,600ஐ இதுவரை ஒருவரும் எட்டவில்லை.